கோழிக்குக் காவல் இருந்த வருஷங்கள்

கல்யாணமாகிக் காரைக்காலுக்கு வந்தபோது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: ஒரு வருஷம், மிஞ்சிப் போனால் இன்னும் கொஞ்சம். அதற்குள் பேப்பர் எல்லாம் வந்துவிடும், பிரான்சில் இருக்கும் புருஷனிடம் போய்ச் சேர்ந்துவிடலாம். அதுவரைக்கும் மாமனாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். மாமியார் இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. என் புருஷனுக்கு அங்கே தபால் ஆபீசில் உத்தியோகம் என்று பெண் கேட்க வந்தபோதே சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டுத்தான் எங்கள் அப்பா தலையாட்டினார். நாங்கள் குரும்பகரத்துக்காரர்கள். எங்கள் வீட்டில் நெல் இருந்தது, மாடு இருந்தது, தபால் ஆபீஸ் மாப்பிள்ளை மட்டும்தான் இல்லாமல் இருந்தார்.

லீவு தீர்ந்ததும் அவர் விமானம் ஏறிவிட்டார். நான் மாமனார் வீட்டில் இருந்தேன். பிரான்சுக்குப் போகப்போகிறவள் என்பதால் தெருவில் எனக்குக் கொஞ்சம் மவுசு. காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாகூட கூடையை இறக்கும்போதே, "எப்பம்மா பயணம்?" என்று கேட்பார். முதல் வருஷம் அந்தக் கேள்வி தித்தித்தது. போகப்போக, அவர் குரல் தெருமுனையில் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்தது. மீன் வேண்டாம் என்று உள்ளே இருந்தபடியே சொல்லி அனுப்பிவிடுவேன்.

நான் கிளம்ப முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு கோழி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுபதுகளின் பிற்பாதியில் நடந்த கதை இது.

ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரர்களின் பெருநாள். எங்கள் வீட்டில் அது கிறிஸ்துமசுக்கு அடுத்தபடி. மாமா காலையிலேயே கோட்டுப் போட்டு, மெடல்களைக் குத்திக்கொண்டு, சக சொல்தாக்களோடு போய்க் கொடிக்கு வணக்கம் வைத்துவிட்டு வருவார். மதியம் அவர்கள் எல்லாருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு. சாப்பாட்டில் பிரியாணி இருக்கலாம், மீன் இருக்கலாம், ஆனால் ஆறவைத்த கோழியும் மயோனேசும் இல்லாவிட்டால் அது ஜூலை பதினாலே இல்லை. பட்டாளத்து மெஸ்ஸில் பழகிய நாக்கு.

மயோனேஸ் என்றால் வேறொன்றும் இல்லை. பச்சை முட்டையின் மஞ்சள் கருவில் அரைத்த கடுகையும் நசுக்கிய பூண்டையும் போட்டு, எண்ணெயை நூல் மாதிரி விட்டுக்கொண்டே ஒரே பக்கமாக அடிக்க வேண்டும். வெண்ணெய் மாதிரி திரண்டு வரும்போது வினேகர் ஊற்ற வேண்டும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் குமட்டியது. முட்டையை அடுப்பில் காட்டவே மாட்டீர்களா என்று கேட்டேன். அடுத்த தெருவில் இருந்த நாத்தனார்தான் எனக்கு அதைச் செய்யக் கற்றுக்கொடுத்தார். மாமியார் காலத்திலிருந்து வந்த முறை அது. விடிந்ததும் செய்துவிட வேண்டும், மூக்கில் ஏறுகிற அளவுக்கு வினேகர் ஊற்ற வேண்டும், துணி போட்டு மூடி அடுக்களை மேடையிலேயே மதியம் வரை வைக்க வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, "அம்மா அப்படித்தான் செய்வாங்க" என்றார். அவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பின்னால் வந்த வம்பு வந்திருக்காது.

என் புருஷன் ஏற்பாடு செய்து ஒரு ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது. தெருவில் அதுதான் முதல் ஃப்ரிட்ஜ். அடுக்களையில் வைத்தால் யார் பார்ப்பார்கள்? கூடத்தில், இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே வைத்தார்கள். மேலே பூத்தையல் போட்ட துணி வேறு. தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் அதன் கதவை ஒருதரம் திறந்து பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அந்த ஜூலையில் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே எதுக்கும்மா அவ்வளவு வினேகரு? அது கெட்டுப்போவாம இருக்கறதுக்கு ஊத்தினது. இப்பதான் ஐஸ் பொட்டி இருக்கே. மெஸ்ல குடுக்கற மாதிரி மெதுவா, புளிப்பு தெரியாம செய்யி. முந்தின நாளே செஞ்சு உள்ள வச்சிரு."

நாத்தனாரும் அதுதான் நாகரிகம் என்றார். அவர்கள் சொன்னபடியே செய்தேன். வினேகரைப் பெயருக்குக் காட்டி, பூண்டு வாசனை வேண்டாம் என்றதால் அதையும் விட்டு, அடித்த கையோடு ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் அதை வெளியே எடுத்தபோது அத்தனை அழகாக இருந்தது. கோழி மேல் பூசி, வெள்ளரிப் பிஞ்சு சுற்றி அடுக்கி, மேசை நடுவில் வைத்தேன். சொல்தாக்கள் வந்து உட்கார்ந்தார்கள். பிராந்தி ஊற்றினார்கள். ஒருவர் எழுந்து பேசினார், அவர் உட்கார்ந்ததும் இன்னொருவர் எழுந்தார். ஜூலை மாசத்துப் புழுக்கத்தில் கோழி மேசை மேலேயே காத்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் அத்தனை பேரும் அரசு ஆஸ்பத்திரியில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். வாந்தி, பேதி, காய்ச்சல். இந்தோசீனாவில் குண்டுக்குத் தப்பி வந்தவர்கள் கோழிக்குத் தப்பவில்லை. மாமாவுக்குத்தான் ரொம்ப மோசம். சாமியாரைக் கூப்பிட்டு, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதல்கூடக் கொடுத்துவிட்டோம். நான் மேசையில் உட்காராததால் சாப்பிடவில்லை. பரிமாறுகிறவள் கடைசியில் சாப்பிட வேண்டும் என்ற வழக்கத்துக்கு அன்று ஒருநாள் மட்டும் நன்றி சொன்னேன்.

அங்கே ஒரு இளம் டாக்டர் இருந்தார். என்ன சாப்பிட்டார்கள், எப்படிச் செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. புத்தகத்தில் படித்ததை நேரில் பார்த்த சந்தோஷம். பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் புரண்டுகொண்டிருந்தது அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

"முட்டையில கிருமி இருந்திருக்குங்க. வினேகரோட புளிப்பு அதைக் கொல்லும். ஆனா ஊத்தினதும் கொன்னுடாது. வெளியில, சாதாரணச் சூட்டுல நேரம் குடுத்தா கொஞ்சம் கொஞ்சமா கொல்லும். கடுகு, பூண்டு எல்லாம் அதுக்குத் துணை. உங்க மாமியார் முறை சரியான முறை. நீங்க புளிப்பையும் குறைச்சிட்டீங்க, உடனே குளிர்லயும் வச்சிட்டீங்க. குளிர்ல கிருமி பெருகாது, ஆனா சாவவும் சாவாது. வினேகரு பாட்டுக்கு வேலை செய்யாம சும்மா கெடக்கும். அப்புறம் வெளியில எடுத்துப் புழுக்கத்துல வச்சா? கேக்கணுமா!"

"அப்ப இந்த ஃப்ரிட்ஜ்?" என்றேன்.

"அது மேல தப்பில்லைங்க. நாமதான் அதை சாமின்னு நெனச்சிட்டோம்."

ஃப்ரிட்ஜின் மேலே மாட்டியிருந்த படத்தை நினைத்துக்கொண்டேன். சிரிக்கிற நேரமில்லை, அடக்கிக்கொண்டேன்.

மாமா பிழைத்தார். எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தவர் வேறு ஆளாக இருந்தார். துப்பாக்கிக்குப் பயப்படாத மனுஷன் முட்டைக்குப் பயந்தார். கடையில் எதுவும் சாப்பிட மாட்டார், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார மாட்டார், மகள் வீட்டிலிருந்து வந்த குழம்பைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். கோழியை விட்டுவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. கோழி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் அந்தக் கோழி என் கையால் வாங்கி, என் கையால் வெட்டி, என் கையால் ஆக்கியதாக இருக்க வேண்டும்.

"டாக்டரு உங்கிட்டதான் எல்லாம் சொல்லியிருக்காரு. நீ செஞ்சாதான் நம்பிச் சாப்புடுவேன்" என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் பேப்பரெல்லாம் அந்தச் சமயத்தில்தான் வந்து சேர்ந்தது. பாண்டிச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுக் கான்சல் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பெட்டியைத் தூசி தட்டி வெயிலில் வைத்தேன். புருஷனிடமிருந்து பதில் வந்தது: அப்பா தேறட்டும், அதுவரை இரு. நியாயம்தானே. இருந்தேன். பெட்டியை மறுபடியும் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

தேறட்டும் என்றால் நானே தேற்றிவிடலாம் என்று இறங்கினேன். கோழியில் கிருமியே அண்டாது என்று மாமாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டால் நான் கிளம்பிவிடலாம், இதுதான் கணக்கு. அந்த டாக்டரை வழியில் பார்க்கும்போதெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்பேன். கோழியைக் கிணற்றடியில் அலசும்போது தெறிக்கிற தண்ணீரில்தான் கிருமி நாலு பக்கமும் போகிறது என்றார். நாங்கள் அதே கட்டையில், அதே கத்தியில் வெள்ளரிப் பிஞ்சை நறுக்கிப் பச்சையாகத் தின்கிறவர்கள். எதிர்வீட்டில் அப்படியில்லை, அவர்கள் கீரையைக்கூடக் குழைய வேகவைப்பார்கள். அதனால் அவர்கள் என்ன அலசினாலும் தப்பித்தார்கள். பாதி பிரெஞ்சுக்காரர்களாக இருந்ததுதான் எங்களுக்கு வினை. கோழிக்கென்று தனிக் கட்டை, தனிக் கத்தி வைத்தேன். வேலை முடிந்ததும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி வெயிலில் காயப்போடுவேன்.

பிறகு எனக்கே இதில் ஒரு பைத்தியம் பிடித்தது. ஒரே கோழியைத் துண்டு போட்டுச் சின்னத் தட்டுகளில் பிரித்து வைப்பேன். ஒன்றில் வெறும் கறி, ஒன்றில் மஞ்சள் மட்டும், ஒன்றில் உப்பும் பூண்டும், ஒன்றில் கிராம்புத்தூள், ஒன்றில் வினேகர். எது முதலில் கொழகொழக்கிறது, எது முதலில் நாறுகிறது என்று மோந்து மோந்து பார்ப்பேன். மஞ்சளை மலைபோல நம்பியிருந்தேன். அது நிறத்தைக் கொடுத்ததே தவிர, தனியாக நின்று பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. வினேகரும் உப்பும் பூண்டும் சேர்ந்தால் கறி வெகுநேரம் தாங்கியது. கிராம்பு கொஞ்சம் போட்டால் இன்னும் நல்லது, அதிகம் போட்டால் பல்வலிக்கு மருந்து தின்கிற மாதிரி இருக்கும். இதைப் பெருமையாக டாக்டரிடம் சொன்னபோது அவர் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"நாத்தம் வேற, நோய் வேறங்க. நாறாத கறியும் ஆளைக் கவுத்துடும். நீங்க சொல்ற சாமானெல்லாம் கிருமியைக் குறைக்கும், அழிச்சிடாது. கடைசியில எலும்பு வரைக்கும் வேவணும். அதுக்கு மாத்து இல்ல."

ஊறப்போட்டு, ஊறின தண்ணீரைக் கொட்டி, எலும்போரம் சிவப்புத் தெரியாமல் வேகும் வரை வைத்து, பிறகுதான் தாளிப்பேன். மாமா அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். "வினேகரு நல்லா ஏறிச்சா? கட்டையில சுடுதண்ணி ஊத்தினியா? கையைக் கழுவினியா?" நாள் தவறாமல் இதே கேள்விகள். ஆச்சுங்க மாமா, ஊத்தினேங்க மாமா, கழுவினேங்க மாமா. என் விரல்கள் வினேகரில் ஊறி வெளுத்துப் போயின. தலையணையில்கூட அந்தப் புளித்த வாசனை வந்தது. பிறந்த வீட்டில் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனால்கூடத் தாலி கட்டியதும் திரும்பிவிட வேண்டும். மாமா அங்கே பட்டினி கிடப்பார் என்று எங்கள் அப்பாவே அவசரப்படுத்துவார். குரும்பகரத்தில் இருக்கிற நேரத்தில் என் மூச்சு கொஞ்சம் சீராக வரும். ரிக்‌ஷா எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் நெஞ்சை ஒரு கை பிடித்து அழுத்தும். பொய் சொல்வானேன், அந்த மனுஷன் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை என்றுகூட நினைத்திருக்கிறேன். நினைத்துவிட்டு, அவருக்குக் கோழி வைக்கப் போவேன்.

என் புருஷன் லீவில் வந்தார். சென்ட்டு பாட்டில், சாக்லேட், எனக்கு ஒரு கம்பளிக் கோட்டு. காரைக்காலில் கம்பளிக் கோட்டு! அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. கூட்டிப் போகத்தானே கோட்டு என்று நினைத்தேன். அவர் கைகள் வெடித்துக் கோடு கோடாக இருந்தன. குளிர் தேசம், அப்படித்தான் என்றார். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். அவர் வந்த நாளிலிருந்து மீனாகக் கேட்டுச் சாப்பிட்டார், கோழியைத் தொடவில்லை. "அங்க தினம் அதுதான்" என்றார்.

ஒரு சாயந்தரம் அப்பாவும் மகனும் காரைக்கால்மேட்டுக் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. மறுநாள் என் புருஷன் என்னிடம் சொன்னார்.

"அப்பாவுக்கு இன்னும் பயம் தெளியல. நீ இருக்கறதாலதான் அவரு உயிரோட இருக்காரு. இன்னும் கொஞ்ச நாள் இரேன்."

"வேற ஆளைப் பழக்கிவிட்டா?"

"பழக்கிப் பாரு. அவரு சாப்ட்டா சரி."

அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் விமானம் ஏறியதும் சமையலுக்கு ஒரு அம்மாவைத் தேடிப் பிடித்தேன். விதவை, கை சுத்தம், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். கட்டை, கத்தி, உப்பு, பூண்டு, வினேகர், எல்லாம் பழக்கினேன். என் கையை விட அவர் கைக்கு ருசி அதிகம் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். முதல் நாள் அவர் வைத்த கோழியை மாமா முன்னால் வைத்தோம். ஒரு வாய் போட்டார், கண்ணை மூடினார், எழுந்து போய் முற்றத்தில் துப்பினார்.

"இது உன் கை இல்ல" என்றார். அன்று முழுக்க வெறும் கஞ்சி. மறுநாளும் துப்பல், கஞ்சி. மூன்றாம் நாள் நாத்தனார் வந்து கூடத்தில் நின்று கத்தினார்.

"எங்கப்பாவைப் பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கறியா? கொடுத்து வச்சவ நீ! பெத்த பொண்ணு நான், என் கையால ஒரு வாய் திங்க மாட்டேங்கறாரு. உன் கையாலதான் திங்கறாரு. அந்த அருமை உனக்குத் தெரியல."

அந்த அருமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். சமையல்காரம்மாவை அனுப்பிவிட்டுக் கட்டையைக் கையில் எடுத்தேன். கம்பளிக் கோட்டை நெப்தலின் உருண்டை போட்டு மடித்து வைத்தேன்.

அதற்கப்புறம் வருஷங்கள் போனதை எப்படிச் சொல்வது? எண்பதுகள் வந்தன. ஊரில் பண்ணையில் வளர்க்கிற வெள்ளைக் கோழி வந்தது, டெலிவிஷன் வந்தது, வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் மாடி வீடு கட்டினார்கள். என் கூடப் படித்தவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். லீவில் வந்த புருஷன் மறுபடியும் அதையே சொன்னார், மறுபடியும் தனியாகப் போனார். நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்காமல் இருந்தால் வலி குறைவு.

ஒருநாள் கிராம்பு தீர்ந்துபோயிற்று. மாமா சக சொல்தா ஒருவர் வீட்டில் சீட்டு விளையாடப் போவதாகச் சொல்லிக் கிளம்பியிருந்தார். திரும்புவதற்குள் வாங்கி வந்துவிடலாம் என்று நான் கடைத்தெருவுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு தள்ளுவண்டி, ஆம்லெட் போடுகிற வண்டி. அதன் பக்கத்தில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த முதுகு. அந்த முதுகை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்! தட்டில் ஆஃபாயில். மஞ்சள் கரு தளதளவென்று ஆடிக்கொண்டிருந்தது, அடிப்பக்கம் மட்டும் லேசாகச் சூடு கண்ட முட்டை. அதை அப்படியே உடையாமல் தூக்கி வாயில் போட்டு உறிஞ்சினார். மீசையில் மஞ்சள் வழிந்தது.

"ஐயாவுக்கு வழக்கம்போல இன்னொண்ணு போட்டுறவா? மொளகு தூக்கலா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

வழக்கம்போல!

"மாமா" என்றேன்.

அவர் திரும்பினார். சுவரேறும்போது பிடிபட்ட திருடன் மாதிரி நின்றார். வாயைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் உட்காரவைத்தார். பக்கத்தில் உட்காரத் தயங்கி நின்றார்.

"பயம் போயி ரொம்ப நாளாச்சும்மா" என்றார்.

"எவ்வளவு நாளு?"

"அந்த வருஷமே தெளிஞ்சிடுச்சு."

"அப்ப அந்தம்மா வச்ச கறி?"

"நல்லாத்தான் இருந்திச்சு. முழுங்காம துப்பறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துச் சொன்னார். "ஒன் வினேகரு கோழியும் போதும்மா. நெஞ்சு எரியுது. எத்தனை வருஷம்தான் திங்கறது."

நான் எழுந்துவிட்டேன். "யாருக்காக மாமா இந்தக் கூத்து? என்னை ஏன் இப்படிக் கட்டிப்போட்டீங்க?"

"நான் கட்டல. அவன் கெஞ்சினான். லீவுல வந்தப்ப, கடக்கரையில என் காலைப் புடிச்சிக்கிட்டு அழுதான். தபாலாபீஸ் வேலை போயிடுச்சும்மா அவனுக்கு. கல்யாணமாயி கொஞ்ச நாள்லயே ஆளைக் கொறச்சிட்டாங்க. அப்புறம் கெடைச்ச வேலையைப் பாக்கறான். ஒரு ரூம்ல பல பேரு சேந்து இருக்கானுவ. ஒன்னைக் கூட்டிட்டுப் போயி எங்க வெப்பான்? ஒங்கப்பாகிட்ட தபாலாபீசுன்னு சொல்லிப் பொண்ணு எடுத்தோம். நீங்க பயந்த மாதிரியே இருங்கப்பா, அவளுக்குத் தெரிய வேணாம்னான். பெத்தவன். சரின்னுட்டேன்."

"என்ன வேலை பாக்கறாரு?"

நாகப்பட்டினம் பஸ் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. அது போகும் வரை காத்திருந்து மாமா மெல்லச் சொன்னார்.

"கோழி ஃபாக்டரி. அறுத்து வர்ற கோழியக் கழுவறான். நாளெல்லாம் தண்ணியில நிக்கிறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியாது. மாமா பதறிப்போனார்.

"மெதுவாம்மா, நாலு பேரு பாக்கறாங்க. சொல்தா மவன் கோழி கழுவறான்னு ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்."

"நான் மட்டும் இங்க என்ன கழுவறேன் மாமா?" என்றேன்.

என்னை மறுபடி பெஞ்சில் உட்காரவைத்து, அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். மெடல் குத்திக்கொண்டு நிற்கும் அந்த மனுஷன் சட்டைக் கையால் மீசையைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கேயோ கரைந்துபோயிருந்தது. அவரும் என் கூடவேதான் பூட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார், பிடிக்காத புளிப்பை விழுங்கிக்கொண்டு. மிச்சக் கோபம் முழுக்க வெகுதூரத்தில் இருந்தவர் மேல் திரும்பியது. அதற்கும் முழுசாகக் கோபம் என்று பெயர் வைக்க முடியவில்லை. வெடித்த விரல்களில் நான் எண்ணெய் தடவியபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"எனக்குப் போவணும். அவருக்குச் சொல்லாதீங்க. சொன்னா மறுபடியும் ஏதாவது காரணம் வரும்" என்றேன்.

"எங்க தங்குவ?"

"அவரு எங்க நிக்கிறாரோ அங்க."

பாண்டிச்சேரிக்கு மாமாவே என்னோடு வந்தார். கவுண்டரில் நின்று பிரெஞ்சில் அதட்டிப் பேசி வேலையை முடித்துக்கொடுத்தார். நாத்தனார் கூடத்தில் நின்று, "அப்பாவுக்கு இனிமே யாரு சமைப்பா?" என்று அதே கத்தலைக் கத்தினார். "வண்டிக்காரன்" என்றார் மாமா. பிறகு அந்தச் சமையல்காரம்மாவை அவரே போய்க் கூப்பிட்டு வந்தார். கிளம்புகிற அன்று காலை அந்த அம்மா வைத்த கோழியை மாமா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் பார்த்தேன்.

பிரான்சில், அவர் இருந்த ஊர் ஸ்டேஷனில் என் புருஷன் நின்றிருந்தார். நான் பாரீசிலிருந்து போன் பண்ணின பிறகுதான் அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். பையிலிருந்து அவர் கையை நானே வெளியே இழுத்தேன்.

முதலில் சண்டைதான் போட்டோம். எத்தனையோ வருஷத்துச் சண்டை பாக்கி இருந்தது. அப்புறம் ஒரு கிழவியின் வீட்டுப் பின்கட்டில் அறை கிடைத்தது. குளிர்காலம் தொடங்கும்போது அந்த ஃபாக்டரியிலேயே எனக்கும் வேலை கிடைத்தது. ஜன்னல் இல்லாத நீளமான கூடம். தலைக்கு மேலே கொக்கியில் கோழிகள் வந்துகொண்டே இருக்கும், முடிவே கிடையாது. கண்ணைக் கரிக்கிற குளோரின் தண்ணீர், கால் விறைக்கிற சில்லென்ற தரை, காது அடைக்கிற சத்தம். வெளியே வெயிலா மழையா, ஒன்றும் தெரியாது. காரைக்காலில் இருந்தபோதாவது முற்றத்தில் கொஞ்சம் வானம் இருந்தது. அவர் வரிசையின் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். நடுவில் கோழிகள். பேசக்கூட முடியாது. சாயந்தரம் மணி அடித்ததும் ரப்பர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் ஒரே கதவு வழியாக வெளியே வந்தோம்.